ஆடு கட்டிய ஓட்டு வீடுகள்

“லைன்ல பொறந்த பொண்ணு தொரசானி எதிர்ல நின்னு இங்கிலீஷ் பேசிடுமா? பேசிடுச்சின்னா நான் இந்தத் தலப்பாவ அவுத்து வெச்சிட்டு ஊருக்குப் போயிடறேன்.”

ஓட்டலின் பட்லர் இதை என்னிடம் சொல்லவில்லை. நான் சமையல்கட்டு வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சமையல்காரரிடம் சொன்னார். சற்று நேரத்தில் நான் ஓட்டலை நடத்தும் துரைசானியின் முன் நின்று பேசினேன். மிஷன் பள்ளியில் படித்ததையும், தைக்கத் தெரியும் என்பதையும், பெரியவர்கள் முன் வாயாடமாட்டேன் என்பதையும் இங்கிலீஷில் சொன்னேன். கடைசியாகச் சொன்னது மட்டும் பொய். வேலை கிடைத்தது. பட்லர் ஊருக்குப் போகவில்லை. மறுநாளிலிருந்து என்னை “இன்னாம்மா, மிஸ்ஸம்மா” என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிதான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் எழுத்து அறிந்தவர் எவருமில்லை. அப்பா வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். அம்மா ஷாப்டுக்கு, அதாவது ஆட்கள் இறங்கும் சுரங்கக் குழிக்கு, மேலே கல் பொறுக்கும் வேலைக்குப் போய்வந்தாள். நாங்கள் குடியிருந்தது லைனில். கம்பெனி தன் கூலிகளுக்காக வரிசையாகப் போட்டுக் கொடுத்த மூங்கில் தட்டி வீடுகளைத்தான் எங்கள் ஊரில் லைன் என்பார்கள். மழை பெய்தால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓட வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருவர் புரண்டு படுத்தால் எங்கள் தட்டி ஆடும்.

ஓட்டல் எங்கள் லைனிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரு மேட்டின் மேல் இருந்தது. சுரங்கத்தில் பணம் போட்ட சீமைக்காரர்களும், பெங்களூரிலிருந்து காற்று மாற்றத்துக்கு வரும் துரைக் குடும்பங்களும் அங்கே தங்குவார்கள். குளிப்பதற்குப் பீங்கான் தொட்டி, சாயங்காலம் வாசிக்கப் பியானோ, மரத்தூளில் பொதிந்து ரயிலில் வரும் ஐஸ். மின்சார விளக்கு ஷாப்டுகளுக்கு வந்த கையோடு ஓட்டலுக்கும் வந்துவிட்டது. லைனுக்கு வரவில்லை. விரிப்புகளும் துவாலைகளும் வைக்கும் அறைதான் எனக்கு வேலை இடம். வண்ணான் கொண்டுவருவதைப் பிரித்து அடுக்குவேன், கிழிந்ததைத் தைப்பேன். விறகு கொண்டுவரும் பெண்களிடமோ தோட்டத்துப் பெண்களிடமோ துரைசானி ஏதாவது பேச நினைத்தால் நடுவில் நின்று சொல்வேன்.

அந்த மேட்டின் மேல் முன்பு இருளர் குடிசைகள் இருந்தன. சுரங்கம் வருவதற்கும் முந்தி, நாங்கள் யாரும் இந்த ஊருக்கு வருவதற்கும் முந்தி, அவர்கள் அங்கே இருந்தார்கள். ஓட்டல் கட்டக் கல் இறங்கியபோது அவர்களைச் சரிவுக்குக் கீழே போகச் சொன்னார்கள். அவர்களும் போனார்கள். துரைசானிக்கு அது மனதில் உறுத்தியிருக்க வேண்டும். சரிவின் கீழே அவர்களுக்காக ஓட்டு வீடுகள் வரிசையாகக் கட்டிக் கொடுத்தார். சுண்ணாம்புச் சுவர், மரக் கதவு, சீமை ஓடு. கட்டிய கண்டிராக்டர் சுரங்கத்துக்கு லைன் போட்டவர். அவருக்குத் தெரிந்தபடி இதையும் லைனாகவே போட்டார். வீட்டுக்கு வீடு ஒரே சுவர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கூரை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வீடுகளில் ஆடுகள் இருந்தன. இருளர்கள் கொஞ்ச தூரம் தள்ளிப் பாறையோரம் பழையபடி குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டு வீட்டு வாசலிலும் ஓர் ஆடு கால் மடக்கி உட்கார்ந்து அசை போட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலம் எனக்குச் சோறு கொண்டுவந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“ஓட்டு வூட்ல ஆட்டக் கட்டி வெச்சிருக்கானுங்கடி.”

“ஆமா.”

“மழ பேஞ்சா அந்த ஆடு நனையாது இல்ல?”

“நனையாது.”

“நாம நனைவோம்,” என்றாள் அம்மா. தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

எனக்குள் அன்று மூண்டது பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்க நான் படித்த படிப்பில் இடமில்லை. குளிர்காலத்தில் ஓட்டல் அவர்களுக்குக் கம்பளி கொடுத்தது. ஓர் இருளக் குழந்தைக்குக் காலில் முள் ஏறிச் சீழ் வைத்தபோது, ஓட்டலில் தங்கியிருந்த டாக்டர் துரையே இறங்கிப் போய்க் கட்டுப் போட்டார். வந்த விருந்தாளிகள் அவர்களைப் படம் எழுதினார்கள், போட்டோ பிடித்தார்கள். என் அப்பா நாள் முழுவதும் பாறைத் தூளை விழுங்கிவிட்டு வந்து, உட்கார்ந்தபடியே தூங்குவார். படுத்தால் இருமல் வரும். அவரைப் படம் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாவின் நெஞ்சுதான் எங்கள் பயம். லைன் வீடு வேலையோடு ஒட்டியது. சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் இறங்க ஆள் இருக்கிறவரைதான் வீடு. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர் மேல் பாறை சரிந்தது. அவரை எரித்துவிட்டு வந்த வாரமே மேஸ்திரி வந்து, வேறு ஆள் வருகிறான், வீடு வேண்டும் என்றார். அவர் சம்சாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பாயையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். புதிதாக வந்தவர்கள் அவள் அடுப்புக் கல்லிலேயே உலை வைத்தார்கள். அன்று முதல் அப்பா இருமும்போதெல்லாம் அம்மா வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள்.

ஓட்டு வீடுகளில் கடைக்கோடி வீடு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அதில் கண்டிராக்டர் மிச்சம் வைத்துப்போன சுண்ணாம்பு மட்டும் கிடந்தது. ஒரு நாள் துணிந்து துரைசானியிடம் கேட்டேன். எங்களுக்கு அந்த வீட்டைத் தர முடியுமா, என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. மிகவும் கனிவாகத்தான் சொன்னார்.

“மலை ஜனங்கள் எங்கள் பொறுப்பு. அவர்களுடைய இடத்தில்தான் இந்த ஓட்டல் இருக்கிறது. உன் ஜனங்கள் சுரங்கத்தின் பொறுப்பு. நீ அவர்களைக் கேட்க வேண்டும்.”

சுரங்கத்துப் பெரிய துரைமார் வந்து தங்குவதும் இதே ஓட்டலில்தான். அவர்கள் படுக்கும் விரிப்பை மடிப்பவள் நான். இதைச் சொல்ல இங்கிலீஷும் இருந்தது. தைரியம் மட்டும் இல்லை.

மழைக்காலம் நெருங்கிய சமயத்தில், லண்டனிலிருந்து கம்பெனியின் துரைமார்கள் வருகிறார்கள் என்று ஓட்டலே பரபரத்தது. துரைசானி அவர்களிடம் தான் அமைத்த கிராமத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார் போலும். கிராமத்தில் ஆடுகள் இருந்தன. ஒரு காலையில் விறகு கொண்டுவரும் இருளப் பெண்ணை வராந்தாவுக்குக் கூட்டிவரச் சொன்னார். என்னைவிட ரொம்ப மூத்தவள் அவள். தன் ஜனங்களுக்காகப் பேச முன்னால் வருகிறவளும் அவள்தான். விருந்தாளிகள் சிலர் நாற்காலியில் இருந்தார்கள். போட்டோப் பெட்டி வைத்திருந்த ஓர் இளம் துரையும் இருந்தார். அவள் தூணருகே தரையில் உட்கார்ந்தாள், யாரும் சொல்லாமலேயே.

துரைசானி என்னிடம் சொன்னார்: “இவள் ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று கேள்.”

உங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களை யார் கேட்டிருக்கிறார்கள்? மேஸ்திரியா, கம்பெனியா, கோயிலில் பிரசங்கம் செய்கிறவரா? கேட்டிருந்தால் என் அம்மா ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருப்பாள். அதை நானே என் வாயால், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் இவளிடம் கேட்க வேண்டும்.

“ஒங்களுக்கு இன்னா வோணும்னு கேக்கறாங்க,” என்றேன்.

“ஒண்ணும் வோணாம்,” என்றாள் அவள். “எல்லாம் இருக்குது.”

அதைக் கேட்டு என் கோபம் இரட்டித்தது. “பின்ன ஏன் கட்டிக் குடுத்த வூட்ல இருக்க மாட்டன்றீங்க?”

“செத்த வூட்ல எப்டிம்மா இருக்கறது?”

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குடி வந்த புதிதில், கடைக்கோடி வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் இறந்திருக்கிறார். சாவு விழுந்தால் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் வேறு கட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம்.

“பெரியவரு செத்தது ஒரு வூட்ல. மத்தவங்க ஏன் கெளம்பினீங்க?”

“கூரை ஒண்ணுதானே? கூரை ஒண்ணுன்னா வூடு ஒண்ணு. நடுவுல சொவரு வெச்சிட்டா வூடு வேறயாயிடுமா?”

“அப்ப ஆட்ட மட்டும் கட்றீங்க?”

“ஆட்டுக்கு அதெல்லாம் தெரியாது,” என்றாள்.

நான் இங்கிலீஷில் சொன்னபோது போட்டோத் துரை வாய்விட்டுச் சிரித்தார். துரைசானியின் காது சிவந்தது. அதற்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கச் சொன்னார். அந்தப் பெண் கையை உயர்த்தி நடுவில் ஒரு வெட்டு வெட்டினாள்.

“செத்த வூட்ட இடிச்சிடணும். அந்தக் கூரை எங்க கூரையத் தொடக் கூடாது. நடுவுல ஆகாசம் தெரியணும். தெரிஞ்சா நாங்க வரோம்.”

ஒரு மூடநம்பிக்கைக்காக நல்ல வீட்டை இடிக்க முடியாது, விருந்தாளிகள் வருகிறார்கள், இதென்ன பேச்சு என்று துரைசானி எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தப் பெண்ணும் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கேட்டது இல்லையென்றான பிறகும் அவள் முகம் வாடவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அன்று முழுவதும் விரிப்புகளை மடித்துக்கொண்டே அதையே நினைத்தேன். சாவு வந்தால் வீட்டை விட்டுப் போவது அவர்கள் வழக்கம். சாவு வந்தால் வீட்டை விட்டுப் போவதுதான் எங்களுக்கும் நடக்கிறது. ஆனால் ஓட்டு வீட்டை விட்டுப் போகச் சொல்லி அவர்களை யாரும் விரட்டவில்லை. சுண்ணாம்பு பூசிய சுவரையும் சீமை ஓட்டையும் உதறிவிட்டு, தாங்களாகவே கோரையும் தழையும் தேடிப் போனார்கள். அந்த உதறலைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை, வீட்டைப் பார்த்ததைவிட அதிகமாக.

துரைமார்களை அழைத்துவரத் துரைசானி பெங்களூர் புறப்படும் முன் துவாலைகளைப் பார்க்க என் அறைக்கு வந்தார். பட்லர் பின்னால் நின்றார். நான் தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தேன்.

“நீங்கள் திரும்பி வரும்போது அந்த வீடுகளில் மலை ஜனங்கள் இருந்தால், கடைக்கோடி வீட்டை என் அப்பாவுக்குக் கொடுப்பீர்களா?”

“எப்படி இருக்க வைப்பாய்?”

“அதை என்னிடம் விடுங்கள்.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சரி என்றார். ஆட்டைத் தவிர வேறு யார் அந்த வாசலில் நின்றாலும் தனக்குச் சந்தோஷம் என்றார். இடிக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்பது தெரியும்.

வண்டி இறங்கிப் போனதும் பட்லர் அறை வாசலில் சாய்ந்துகொண்டார். “இன்னாம்மா மிஸ்ஸம்மா, மந்திரம் கிந்திரம் கத்துக் குடுத்தாங்களா இஸ்கூல்ல?”

“கடப்பாரை ஒண்ணு குடுங்க பட்லரய்யா, போதும்.”

“நான் எதையும் பாக்கல,” என்றார். தோட்டக் கொட்டகைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

நான் நேரே பாறையோரத்துக்குப் போனேன். அந்தப் பெண் குடிசை முன் கிழங்கின் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். செத்த வீட்டை நாங்கள் இடித்துத் தருகிறோம், கோடி வீட்டில் நாங்கள் இருந்துகொள்கிறோம், மற்றதில் நீங்கள் வாருங்கள் என்றேன். அவள் கையிலிருந்த கிழங்கைப் புரட்டிப் பார்த்தாள்.

“ஒங்கப்பனுக்கு நெஞ்சு சரியில்லன்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னது?”

“யாரோ. அவுரு அங்க வந்து செத்தா?”

எனக்குக் கண் எரிந்தது. “எங்கப்பா ஏன் சாவறாரு?”

“எல்லாரும்தான் சாவறோம். மொதல்லயே பேசி வெச்சிக்கறது நல்லது.” கிழங்கைக் கூடையில் போட்டாள். “நடுவுல ஆகாசம் இருக்கும் இல்ல? அப்ப ஒங்க சாவு ஒங்களோட, எங்க சாவு எங்களோட. வா.”

“இடிக்க ஆள் அனுப்புவீங்களா?”

“செத்த வூட்ட நாங்க தொட மாட்டோம். நீங்கதான தொடுவீங்க.”

அதையும் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! நாங்கள் எதையும் தொடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னபோது, அம்மா முந்திக்கொண்டாள். “செத்த வூட்டுக்குப் பக்கத்துல போயி இருக்கறதாவது!” என்று ஆரம்பித்தவள், அப்பாவின் இருமல் அடங்கும்வரை அவர் முதுகைத் தடவிவிட்டு, “எந்த வூட்ல சாவு இல்ல? போலாம்,” என்று முடித்தாள். அப்பா அவளைவிட ஒரு படி மேலே போனார். காலை ஷிப்ட் முடிந்து வருகிற வழியிலேயே மேஸ்திரியிடம் லைன் வீட்டை விடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அன்றே மூட்டையோடு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டது. இனித் திரும்ப இடமில்லை.

“இன்னாப்பா இப்டிப் பண்ணிட்ட? தொரசானி ஒத்துக்கலன்னா?”

“நீதான இங்கிலீஷ் பேசறவ,” என்றார். “பேசு.”

அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கும் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். பூமிக்குள் கல் உடைத்தே பழகியவர்களுக்கு வெளிச்சத்தில் ஒரு சுவரை இடிப்பது விளையாட்டாக இருந்தது. “மேல ஆகாசம் இருக்குதுடா, பாத்து இடி, பயமா இருக்குது,” என்று ஒருவர் கேலி செய்ய, மற்றவர் கூரை மேல் உட்கார்ந்துகொண்டு, கேஜுக்கு மணி அடிப்பதுபோல் ஓட்டைத் தட்டி, “எறக்கு, எறக்கு,” என்றார். நானும் அம்மாவும் கீழே நின்று ஓடுகளை வாங்கி உடையாமல் அடுக்கினோம். விட்டத்தை இரு பக்கமும் அறுத்தார்கள். அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டு அடிக்கடி குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இருளர்கள் தூரத்தில் பாறை மேல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தரும் எழுந்து வரவில்லை. ஆடுகள் மட்டும் வந்து உதிர்ந்த சுண்ணாம்பை நக்கின.

கடைசிச் சுவர் விழுந்து தூசி அடங்கியதும் அந்தப் பெண் இறங்கி வந்தாள். இரண்டு கூரைகளுக்கும் நடுவே போய் நின்று, கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கொண்டுவந்த மஞ்சள் தண்ணீரைச் சுவரோரம் தெளித்தாள். பிறகு பாறையை நோக்கி ஒரு கூப்பாடு போட்டாள். பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பாயும் கூடையும் வந்தன. ஆடுகளை வெளியே விரட்டினார்கள்.

“மறுபடியும் ஒரு சாவு வந்தா?” என்று கேட்டேன். அவர்களுடைய மீதி வீடுகள் இன்னும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன.

“வந்தா போயிடுவோம்,” என்றாள். “அதுக்கு இன்னா இப்ப?”

வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துரைசானி வந்து என்ன சொல்வார் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வீட்டை இடித்தது நாங்கள், லைனை விட்டது நாங்கள், பதில் சொல்ல வேண்டியது நான். அவளோ இந்த ஓட்டு வீட்டை இன்று எடுத்துக்கொள்கிறாள், என்றோ ஒரு நாள் உதறிவிடுவாள். நான் இந்தக் கோடி வீட்டைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். அவள் சாணி தெளித்த கையால் நெற்றி வேர்வையைத் துடைத்ததைப் பார்க்கக்கூட எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டபோது, எங்கள் சட்டி பானையெல்லாம் கோடி வீட்டுக்குள் வந்துவிட்டன. அம்மா அடுப்பு மூட்டியிருந்தாள். அப்பா சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தார். சிறிது நேரத்தில் சரிவின் கீழே குதிரை வண்டிகள் தெரிந்தன. முதல் வண்டியில் துரைசானியின் குடை, அடுத்ததில் துரைமார்களின் தொப்பிகள். மேலே பட்லர் தலைப்பாவைச் சரிசெய்துகொண்டு வரவேற்கப் படியிறங்கினார். என் புடவையெல்லாம் சுண்ணாம்பு. மாற்ற நேரமில்லை. வீடுகளைப் பற்றி முதலில் சொல்கிறவர்கள் சொல்வதைத்தான் துரைசானி நம்புவார் என்று தோன்றியது. பட்லருக்கு முன்னால், வண்டிப் பாதையின் நடுவில், முதல் குதிரையின் எதிரே போய் நின்று, “அம்மா, வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள்,” என்று இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டேன்.